பசூபியோ மலையின் 52 சுரங்கப் பாதை: கழுதை போன வழிதானே?

கல்லாறு | மே 3, மாலை

ஜூன் முதல் வாரம் இத்தாலியில் வெரோனா பக்கம் இருப்போம். நான், மனைவி, ஒன்பது வயதுப் பையன். பசூபியோவின் 52 சுரங்கப் பாதையில் ஏற நினைக்கிறோம். படித்த வரையில் அது முதல் உலகப் போரில் கோவேறு கழுதைகள் சுமையோடு போன ரோடு. 6.5 கி.மீ.தான், இரண்டு மீட்டருக்கு மேல் அகலம். மூட்டை சுமந்த கழுதை போன வழியில் நாம் போக முடியாதா? போன் டார்ச், ஓடுகிற ஷூ, ஆளுக்கு அரை லிட்டர் தண்ணீர். காலை 10 மணிக்குக் கிளம்பி, அதே வழியில் திரும்பி, 3 மணிக்குக் காரில் இருக்கலாம் என்பது கணக்கு. இதில் எங்கே தப்பு?

முகடு | மே 3, இரவு

நீளம் சரி, அகலமும் சரி. தேதி, விளக்கு, ஷூ, தண்ணீர், கிளம்பும் நேரம், இறங்கும் வழி, இந்த ஆறையும் மாற்ற வேண்டும்.

விளக்கிலிருந்து தொடங்குகிறேன். 6.5 கி.மீ.யில் ஏறக்குறைய 2.3 கி.மீ. பாறைக்குள்ளே போகிறது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருட்டு. சின்னச் சுரங்கங்களில் மறுமுனை வெளிச்சம் தெரியும், விளக்கில்லாமலே கடந்துவிடலாம். நீளமானவை வளைந்து போவதால் கொஞ்ச தூரத்திலேயே முன்வாசலும் மறைந்துவிடும், பின்வாசலும் மறைந்துவிடும். 19ஆம் சுரங்கம் மட்டுமே சுமார் 320 மீட்டர். அடுத்த 20ஆவது ஒரு பாறைத் தூணுக்குள் திருகாணி மாதிரிச் சுற்றிச் சுற்றி மேலே ஏறுகிறது.

போனைப் பிடித்தால் ஒரு கை போச்சு. கால் வழுக்கினால் கை சுவரைப் பிடிக்காது, போனைத்தான் காப்பாற்றப் பார்க்கும். அவசரத்துக்கு 112 அழைக்க வேண்டியதும் அதே போன். இரண்டு மணி நேரம் டார்ச்சாக எரித்து, குளிரிலும் வைத்திருந்தால், தேவைப்படும்போது சார்ஜ் இருக்காது. ஆளுக்கொரு ஹெட்லாம்ப், பையனுக்கும் தனியாக. அவன் உங்கள் வெளிச்சத்தில் நடந்தால் உங்கள் நிழலில்தான் கால் வைப்பான்.

ஷூ: உள்ளே தரை சமமாக இருக்காது. வெடி வைத்துப் பிளந்த பாறை அப்படியே கிடக்கிறது. கூரையிலிருந்து நீர் சொட்டி, சுண்ணாம்புக்கல் மேல் மெல்லிய களிமண் படிந்திருக்கும். மிருதுவான அடிப்பாகம் உள்ள ஓடும் ஷூ அதில் வழுக்கும். ஆழமாகப் பல் வெட்டிய, கொஞ்சம் விறைப்பான அடிப்பாகம் வேண்டும். கணுக்கால் வரை மூடியிருந்தால் நல்லது, கட்டாயமில்லை.

தண்ணீர்: சுரங்கத்தில் சொட்டுகிறதே என்று நம்பாதீர்கள். இந்தச் சுண்ணாம்பு மலை மழையை உறிஞ்சி அடியில் எங்கோ விட்டுவிடும். பாதையில் நம்பிக் குடிக்க ஊற்று கிடையாது. பெரியவருக்கு 2 லிட்டர், பையனுக்கு 1.

மற்ற மூன்றும் நாளை.

முகடு | மே 4, காலை

தேதி. ஜூன் முதல் வாரம் என்பது அந்த வருடத்துப் பனியைப் பொறுத்தது. சுரங்கங்களுக்கு இடையே பாதை செங்குத்தான ஓடைப்பள்ளங்களைக் குறுக்காகக் கடக்கிறது. குளிர்காலம் முழுக்க மேலிருந்து சரிந்த பனி அங்கே குவிந்து இறுகி நிற்கும். திறந்தவெளியெல்லாம் புல் முளைத்த பிறகும் இந்தக் குவியல்கள் ஜூனில் மிஞ்சியிருக்கலாம். அங்கே 2 மீட்டர் ரோடு என்பதே கிடையாது. ரோடு பனிக்கு அடியில் போய்விட்டது, நீங்கள் நடப்பது பள்ளத்தை நோக்கிச் சரிந்த பனிமேல். காலையில் அது கண்ணாடி. நிறுத்திக்கொள்ளக் கீழே எதுவும் இல்லை.

ஷூவில் மாட்டும் ரப்பர் முள்வளையம் தட்டையான பனிக்குத்தான். சரிவில் குறுக்கே போகக் கிராம்பானும் (ஷூவின் அடியில் கட்டும் இரும்புப் பற்சட்டம்) பனிக்கோடரியும் வேண்டும், இரண்டையும் பயன்படுத்தத் தெரியவும் வேண்டும். பையனோடு போகிறவருக்கு ஒரே விதி: பாதையில் பனிக்குவியல் தெரிந்தால் திரும்ப வேண்டும். பத்தடி தூரம்தானே என்று கணக்குப் போடக்கூடாது.

மேலே பொர்த்தே தெல் பசூபியோவில் உள்ள அக்கில்லே பாப்பா மலைக்குடிலைக் கிளம்பும் முன் கூப்பிட்டுக் கேளுங்கள். "பாதை திறந்திருக்கிறதா" என்று கேட்டால் ஆம், இல்லை என்று பதில் வரும். "ஓடைப்பள்ளங்களில் பனி இருக்கிறதா" என்று கேட்டால்தான் உபயோகமான பதில் வரும். பாறை விழுந்து பாதையை மூடும் நாட்களும் உண்டு. அதுவும் அவர்களுக்குத் தெரியும்.

கல்லாறு | மே 4, மதியம்

கொஞ்சம் பயமுறுத்துகிறீர்களோ என்று தோன்றுகிறது. இணையத்தில் உள்ள படங்களில் வயதானவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாம் சிரித்துக்கொண்டு நடக்கிறார்கள்.

முகடு | மே 4, இரவு

நடக்கிறார்கள், உண்மை. அந்தப் படங்கள் ஜூலை, ஆகஸ்டு, செப்டம்பரில் எடுத்தவை. கோடையில் உலர்ந்த நாளில் இது நடை, ஏறுவதற்குக் கை தேவையில்லை. இத்தாலிய ஆல்பைன் கிளப்பின் தரவரிசையில் சாதாரண மலைநடைத் தரம்தான். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது: எளிதான பாதை, ஆனால் ஓரம் மன்னிக்காது. ஒரு பக்கம் மலைச்சுவர், மறுபக்கம் நூற்றுக்கணக்கான மீட்டர் பள்ளம், நடுவில் வசதியான ரோடு. அந்த வசதியே கவனத்தைத் தின்றுவிடும்.

குறிப்பாகச் சுரங்க வாசல்கள். இருட்டிலிருந்து வெயிலுக்கு வந்ததும் சில நொடி கண் கூசும். பல வாசல்களில் இரண்டே எட்டு தள்ளித்தான் விளிம்பு. வாசலுக்குள்ளேயே நின்று கண்ணைப் பழக்கிக்கொண்டு பிறகு வெளியே வர வேண்டும். உள்ளே போகும்போதும் அப்படித்தான்: வாசலில் நின்று, விளக்கைப் போட்டு, மூன்று மூச்சு விட்டுப் பிறகு நுழைய வேண்டும். 52 சுரங்கம், 104 வாசல். முதல் பத்தில் எல்லோரும் செய்வார்கள். நாற்பதாவதில்தான் விட்டுவிடுவார்கள்.

பையன் எப்போதும் மலைச்சுவர் பக்கம், பெரியவர் பள்ளத்தின் பக்கம். எதிரே ஆள் வந்தால் அவர்களை வெளிப்பக்கமாகப் போகவிட்டு நீங்கள் சுவரோடு நில்லுங்கள்.

கருங்கல் | மே 5

அகலம் பற்றி ஒன்று. குறைந்தபட்சம் 2.2 மீட்டர் என்று வைத்தது நடப்பவர் சௌகரியத்துக்காக இல்லை. சுமை ஏற்றிய கழுதை மேலே போகும்போது இன்னொன்று கீழே வந்தால் ஒதுங்க இடம் வேண்டும். ஒரு கழுதை நின்றால் வரிசை முழுக்க நின்றுவிடும். வளைவுகளும் சரிவும் அந்தக் கணக்கில்தான். சராசரிச் சரிவு 12 சதவீதம். அதனால்தான் ஏறும்போது மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே போக முடிகிறது.

கட்டியது இத்தாலிய ராணுவப் பொறியாளர் பிரிவின் 33ஆம் சுரங்கக் கம்பெனி, கூடவே தொழிலாளர் அணிகள். 1917 பிப்ரவரியில் தொடங்கி அந்த ஆண்டு முடிவதற்குள் முடித்தார்கள். பாதைத் தடத்தைப் பார்த்தறிந்து வரைந்த தொடக்க வேலை ஜுசெப்பே ட்ஸாப்பாவுடையது, பிறகு பொறுப்பேற்று முடித்தவர் கேப்டன் கொர்ராதோ பிக்கோனே. பத்து மாதத்தில், போர்முனைக்குப் பின்னாலேயே, இந்த வேலை. இன்று இயந்திரங்களோடு போனாலும் எளிதில் ஒப்புக்கொள்ளக்கூடிய கால அளவு இல்லை.

முகடு | மே 5, இரவு

கருங்கல் சொன்ன 12 சதவீதம் சராசரி என்பதை அடிக்கோடு போட வேண்டும். சில துண்டுகள் 22 சதவீதம் வரை போகின்றன. திருகுச் சுரங்கத்தில் அது தெரியும். "கழுதை ரோடு ஒரே சரிவு" என்று நினைத்து ஒரே வேகம் வைத்தால் பாதியில் பையன் உட்கார்ந்துவிடுவான்.

ஏன் அங்கே கட்டினார்கள் என்பதும் நடப்பவருக்கு உபயோகமான செய்தி. அதற்கு முன் மேலே படைக்குச் சோறும் குண்டும் போனது ஸ்கருபி ரோடு வழியாக. அந்த ரோட்டின் சில பகுதிகள் ஆஸ்திரிய-ஹங்கேரியப் பீரங்கிகளின் எல்லைக்குள் இருந்தன. அதோடு குளிர்காலத்தில் பனிச்சரிவு அதை மூடியது. 1916 இறுதியில் வந்த குளிர்காலம் ஆல்ப்ஸ் போர்முனை முழுவதையும் அடித்தது. மார்மொலாடா மலையில் டிசம்பர் 13 அன்று ஒரே சரிவில் முகாம் ஒன்று புதைந்து இருநூறுக்கும் மேல் ஆஸ்திரிய வீரர்கள் இறந்தார்கள். குண்டுக்கும் பனிக்கும் எட்டாத வழி வேண்டும் என்றால் யாரும் ரோடு போட நினைக்காத செங்குத்துப் பக்கத்தில்தான் போட வேண்டும். அதற்குப் பாறைக்குள் போவதைத் தவிர வேறு வழியில்லை.

ஆக, இந்தப் பாதையின் அழகும் ஆபத்தும் ஒரே காரணத்திலிருந்து வருகின்றன. எதிரி பார்க்க முடியாத இடம் என்பது கால் தவறினால் பிடிக்க எதுவும் இல்லாத இடம்.

இருசக்கரம் | மே 6

மலைச் சைக்கிளில் இறங்கலாமா? சரிவு 12 சதவீதம் என்றால் அருமையாக இருக்குமே.

முகடு | மே 6, சில நிமிடத்தில்

தடை. ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது, தள்ளிக்கொண்டும் வேண்டாம். ஈரத் தரை, இருட்டில் எதிரே வரும் ஆட்கள், வாசலை ஒட்டி விளிம்பு, இந்த மூன்றும் சேர்ந்த இடத்தில் பிரேக் பிடித்து நிற்கத் தூரம் கிடையாது. சைக்கிளுக்கு ஸ்கருபி ரோடு இருக்கிறது. அகலமானது, மேலே அதே குடிலுக்குத்தான் போகிறது.

முகடு | மே 8

பாக்கி வைத்த இரண்டு: நேரமும் இறங்கும் வழியும்.

தொடங்கும் இடம் பொக்கெட்டா கம்பீலியா, 1,216 மீட்டர். குடில் 1,928 மீட்டர். வித்தியாசம் 700-க்கு மேல், வழியில் ஏறி இறங்குவதையும் சேர்த்தால் 750 அளவு. மணிக்கு 300 மீட்டர் ஏற்றம் என்பது நிதானமான நடைக்கணக்கு. பெரியவருக்கு இரண்டரை முதல் மூன்று மணி நேரம். ஒன்பது வயதுக்காரன் சுரங்கச் சுவரில் வெட்டிய ஒவ்வொரு ஜன்னலிலும் எட்டிப் பார்ப்பான், ஒவ்வொரு பலகையையும் படிப்பான். மூன்றரையிலிருந்து நான்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த மலை சமவெளியின் ஓரத்தில் நிற்கிறது. வெயில் ஏற ஏறக் கீழிருந்து ஈரக்காற்று மேலே வந்து, கோடை நாட்களில் பதினொரு மணி வாக்கில் முகட்டைச் சுற்றி மேகம் கட்டும். பிற்பகலில் இடி. பத்து மணிக்குக் கிளம்பினால் மோசமான பகுதியில் மோசமான நேரத்தில் இருப்பீர்கள். ஏழு, ஏழரைக்கு முதல் சுரங்கத்தில் இருக்க வேண்டும்.

திரும்ப அதே சுரங்கங்கள் வழியாக வராதீர்கள். ஏறும்போது பாதத்தின் முன்பகுதி தரையைக் கவ்வும். இறங்கும்போது குதிகால் முதலில் படும், ஈரக்களிமண்ணில் வழுக்குவது அப்போதுதான். எதிரே கூட்டம் வேறு ஏறி வரும், அவர்கள் விளக்கு உங்கள் கண்ணில் அடிக்கும். இறங்க ஸ்கருபி ரோடு. 10 கி.மீ. அளவு, இரண்டு, இரண்டரை மணி நேரம், கம்பீலியாவிலேயே கொண்டுவந்து விடும். அதன் வளைவுகளுக்கு நடுவே குறுக்குத் தடங்கள் உண்டு, செங்குத்தானவை, உதிரிக்கல் நிறைந்தவை. உலர்ந்திருந்தால் நேரம் மிச்சமாகும், நனைந்திருந்தால் ரோடோடு போய்விடுவது நல்லது.

இன்னொரு இறக்கம் ஸ்த்ராதா தேல்யி எரோய், வீரர்கள் ரோடு என்று அர்த்தம். போருக்குப் பிறகு போட்டது. குடிலிலிருந்து புறப்பட்டு ஒரு சுரங்கத்தைத் தாண்டி ஃபுகாட்ஸே கணவாய்க்கு, 1,162 மீட்டருக்கு, இறங்கும். அழகான ரோடு. ஆனால் உங்கள் கார் மலையின் வேறு பக்கத்தில் நிற்கும். இரண்டு கார் இருந்தால் மட்டும்.

வால் கனாலே வழி இறங்கலாம் என்று சிலர் சொல்வார்கள். செங்குத்து, தேர்ந்தவர்களுக்கான தடம். பையனோடு வேண்டாம்.

கருங்கல் | மே 9

ஹெல்மெட்டைப் பற்றி யாரும் சொல்லவில்லையே?

முகடு | மே 9

விட்டுவிட்டேன், முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். ஹெல்மெட் வேண்டும், இரண்டு காரணம். சுரங்கக் கூரை சீராக வெட்டப்படவில்லை, சில இடத்தில் தாழ்ந்து ஒரு முனை நீட்டிக்கொண்டிருக்கும். ஹெட்லாம்ப் தரையைக் காட்டுமே தவிர நெற்றிக்கு நேரே உள்ளதைக் காட்டாது. இரண்டாவது, திறந்த பகுதிகளில் மேலிருந்து கல் விழும். மலையாடுகள் மேயும்போது உருட்டும், மழைக்குப் பிறகு தானாகவும் உருளும். ஓடைப்பள்ளங்களில் நின்று போட்டோ எடுக்கக்கூடாது. சுவரோடு ஒட்டிய, மேலே பாறை கவிந்த இடத்தில் நின்று இளைப்பாற வேண்டும்.

சைக்கிள் ஹெல்மெட் பையனுக்குப் போதுமா என்றால், எதுவுமே இல்லாததைவிட நல்லது. மேலே பெரிய காற்றுத்துளை உள்ளது என்பதால் சிறு கல்லுக்கு முழுப் பாதுகாப்பு இல்லை. மலையேற்ற ஹெல்மெட் வாடகைக்குக் கிடைத்தால் அதுதான் சரி.

கல்லாறு | மே 11

ஹெட்லாம்ப் பார்க்கிறேன். 1,000 லூமன் (வெளிச்ச அளவு) வாங்கலாமா? கைக்கோல் கொண்டு போகலாமா?

முகடு | மே 11

ஆயிரம் வேண்டாம். 200 லூமன் ஏராளம். முக்கியம் வெளிச்சத்தின் அகலம். ஒரு புள்ளியாகத் தூரத்தில் அடிக்கும் விளக்கில் காலடி இருட்டாகவே இருக்கும். நெற்றியில் கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்த்து, மூன்று நான்கு மீட்டர் முன்னே விழும்படி வையுங்கள். ஆள் எதிரே வந்தால் தலையைக் குனியுங்கள்.

கைக்கோல் ஸ்கருபி இறக்கத்துக்கு மிக உதவும், பத்து கி.மீ. இறக்கத்தில் முழங்கால் வலிக்கும். சுரங்கத்தில் மடித்துப் பையில் போடுங்கள். இருட்டில் நுனி எங்கே ஊன்றுகிறது என்று தெரியாது, பின்னால் வருபவர் காலிலும் குத்தும்.

ஸ்வெட்டர் ஒன்று, மெல்லிய கையுறை ஒன்று. வெளியே வியர்க்கும், உள்ளே காற்று வெட்டும். 19, 20 இரண்டும் சேர்ந்து வரும் இடத்தில் பையனுக்குக் குளிரும்.

முகடு | மே 11, பிற்பாடு

200 ஏராளம் என்றேன். அது விளக்கு புதிதாக எரியும்போது. மலிவான விளக்குகள் அரைமணியில் மங்கத் தொடங்கி, அட்டையில் போட்ட அளவில் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். அதனால் 300 அளவு உள்ளதை வாங்கி நடுநிலையில் எரியவிடுங்கள். குடும்பத்துக்கு ஒரு உபரி விளக்கு. பேட்டரியை இருட்டில் மாற்ற இன்னொரு வெளிச்சம் வேண்டும் அல்லவா?

கருங்கல் | மே 13

சுரங்கத்துக்குள் பக்கவாட்டில் திறப்புகள் இருக்கும். அவை வெறும் காட்சிக்காக வெட்டியவை இல்லை. உடைத்த கல்லை வெளியே தள்ளுவதற்கும், காற்றும் வெளிச்சமும் வருவதற்கும். உள்ளிருந்து வெட்டிய கல்லை வாசல் வரை சுமப்பதைவிட ஜன்னல் வழியாகப் பள்ளத்தில் கொட்டுவது எவ்வளவோ சுலபம். நேரம் குறைந்ததன் ரகசியத்தில் பாதி அதுதான்.

அந்த ஜன்னல் விளிம்புகளில் தடுப்பு இருக்கும் என்று எண்ணாதீர்கள். கொட்டுவதற்காக வெட்டியதால் தரை வெளிநோக்கிச் சரிந்திருக்கலாம்.

முகடு | மே 13

ஆமாம். பையன் ஜன்னலில் எட்டிப் பார்க்க வேண்டுமென்றால் படுத்துக்கொண்டு, நீங்கள் பையின் பட்டையைப் பிடித்திருக்க வேண்டும்.

கிளைச் சுரங்கங்களும் உண்டு. நுழையாதீர்கள். முக்கியப் பாதைதான் அகலமானது. ஒவ்வொரு சுரங்க வாசலிலும் எண், பெயர், நீளம் எழுதிய பலகை உண்டு. அந்த எண்ணை வாய்விட்டுச் சொல்லும் வேலையைப் பையனிடம் கொடுங்கள். விளையாட்டுக்காகச் சொல்லவில்லை. யாருக்காவது கால் சுளுக்கினால் மீட்புக்குழு கேட்கும் முதல் கேள்வி "எங்கே இருக்கிறீர்கள்". பாறைக்குள் ஜிபிஎஸ் வேலை செய்யாது, வெளியே வந்ததும் பதிவு எகிறிக் குதித்து, நீங்கள் காற்றில் நடந்த மாதிரிக் கோடு போடும். "31ஆம் சுரங்கத்தைத் தாண்டி, 32-க்கு முன்னால்" என்று சொன்னால் நேராக வருவார்கள். உள்ளே சிக்னல் இருக்காது, திறந்தவெளிக்கு வந்து 112 அழையுங்கள்.

போன் வேலை செய்யாவிட்டால் ஆல்ப்ஸின் பழைய சைகை: ஒரு நிமிடத்தில் ஆறு முறை விசில் அல்லது விளக்கு, அதாவது பத்து நொடிக்கு ஒன்று. ஒரு நிமிடம் சும்மா இருந்துவிட்டு மறுபடியும் ஆறு. பதில் நிமிடத்துக்கு மூன்று வரும். பையில் ஒரு விசில் வையுங்கள்.

வடசரிவு | மே 16

இடி வந்தால் சுரங்கத்துக்குள் ஓடிவிடலாம், அந்த வகையில் இது பாதுகாப்பான பாதைதானே?

முகடு | மே 16

பாதி சரி. வாசலில் நிற்பதுதான் தவறு. மழைக்கு ஒதுங்குவது போல எல்லோரும் வாசலில் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். மின்னல் மேலே பாறையில் இறங்கினால் ஈரமான பாறை முகத்தின் மேல் ஓடிக் கீழே வரும், வாசல் விளிம்பிலிருந்து தரைக்குத் தாவும் வழியில் மனிதன் நின்றால் அவன் வழியாகப் போகும். நன்றாக உள்ளே போங்கள், சுவரைத் தொடாதீர்கள், பையை மடித்துப் போட்டு அதன்மேல் கால்களைச் சேர்த்துக் குந்துங்கள். பாதையோரக் கம்பிவடத்திலிருந்து விலகி இருங்கள்.

நீளமான சுரங்கம் பக்கத்தில் இல்லாவிட்டால்? பத்து இருபது மீட்டர் சுரங்கத்தில் இரண்டு வாசலுக்கும் நடுவில். அதுவும் வெளியே நிற்பதைவிட மேல்தான்.

வடசரிவு | மே 17

கம்பிவடம் என்றதும் ஞாபகம் வந்தது. அதே கம்பீலியாவிலிருந்து ஃபால்சிபியெரி என்ற வியா ஃபெர்ராட்டாவும் (கம்பிவடம் பொருத்திய பாறையேற்றப் பாதை) கிளம்புகிறதே?

முகடு | மே 17

கிளம்புகிறது, அதனால்தான் குழப்பம் வரும். அது சுரங்கப் பாதைக்கு மேலே முகடு வழியாகப் போய் அதே குடிலில் சேரும். இரும்பு ஏணி, கம்பிவடம், கையால் பிடித்து ஏறும் பகுதிகள். அதிர்ச்சி தாங்கும் ஃபெர்ராட்டா கயிற்றுத் தொகுதி, ஹார்னஸ் (இடுப்பில் கட்டும் பாதுகாப்புப் பட்டை), ஹெல்மெட், பழக்கம் எல்லாம் வேண்டும். கல்லாறுக்கு அது இல்லை. சுரங்கப் பாதைக்கு 366 என்ற எண்ணும் பெரிய நினைவு வாயிலும் உண்டு. அந்த வாயிலுக்குள் நுழைந்தால் சரியான வழி. ஸ்கருபியின் எண் 370.

கல்லாறு | மே 20

ஜூன் முதல் வாரத்தை விட்டுவிட்டேன். ஜூலை 6-க்கு மாற்றிவிட்டோம். குடிலில் ஒரு இரவு தங்கி மறுநாள் பலோன் உச்சிக்குப் போகலாமா?

முகடு | மே 21

நல்ல மாற்றம், இரண்டுமே. ஜூலை வார இறுதிகளில் கம்பீலியா கார் நிறுத்தம் சீக்கிரம் நிரம்பும், பருவத்தில் கட்டணமும் உண்டு. இடமில்லாவிட்டால் சோமோ கணவாயில், 1,058 மீட்டரில், நிறுத்தி நடந்து ஏறுங்கள். 160 மீட்டர் ஏற்றம் கூடுதல், அதைக் காலைக் கணக்கில் சேர்த்துவிடுங்கள். மேலே போகும் ரோடு குறுகியது, ஓரத்தில் நிறுத்தினால் மீட்பு வண்டிக்கு வழி இருக்காது.

குடிலில் படுக்கையை முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். படுக்கையில் விரிக்க மெல்லிய துணி உறை உங்களுடையது வேண்டும். தண்ணீரை அளந்து செலவிடும் இடம், குளியலை எதிர்பார்க்காதீர்கள். ரொக்கப் பணம் கொஞ்சம்.

பலோன் 2,230 மீட்டரைத் தாண்டும், குடிலிலிருந்து ஒரு மணி நேரம் அளவு. அங்கிருந்து வடக்கே இரண்டு பாறைப் பற்கள் எதிரெதிரே தெரியும்: இத்தாலியப் பல், ஆஸ்திரியப் பல். நடுவே உள்ள இடைவெளி கூப்பிடு தூரம்தான். 1916 அக்டோபரில் மேலே சண்டை போட்டு முடியாமல், பிறகு இரண்டு பக்கமும் அடியில் சுரங்கம் தோண்டி ஒருவரையொருவர் வெடிக்கப் பார்த்தார்கள். 1918 மார்ச் 13 அன்று ஆஸ்திரியர்கள் இத்தாலியப் பல்லுக்கு அடியில் 50 டன் வெடிமருந்தைக் கொளுத்தினார்கள். சரிந்து கிடக்கும் அந்தப் பாறைக் குவியல்தான் இன்று நீங்கள் பார்ப்பது. போரில் இறந்த ஆயிரக்கணக்கானவர்களின் எலும்புகள் ஃபுகாட்ஸே கணவாய்க்குப் பக்கத்தில் 1926-இல் திறந்த நினைவகத்தில் இருக்கின்றன. பையனுக்கு இதைச் சொல்லிவிட்டு மேலே கூட்டிப் போங்கள். அந்த இடத்தில் ஓடிப் பிடித்து விளையாடும் மனம் வராது.

துருப்பிடித்த இரும்பு எதையும் எடுக்கக்கூடாது. பாதுகாக்கப்பட்ட பகுதி என்பது ஒரு காரணம். பனி உருகும் ஒவ்வொரு வருடமும் வெடிக்காத குண்டு மேலே வரலாம் என்பது பெரிய காரணம். பார்த்தால் தொடாமல், இடத்தைக் குறித்துக்கொண்டு குடிலில் சொல்லுங்கள்.

வடசரிவு | ஜூன் 2

லகத்சுவோய் சுரங்கத்தையும் இதையும் ஒரே பயணத்தில் முடிக்கலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். எது முதலில்?

முகடு | ஜூன் 2

முதலில் பசூபியோ. லகத்சுவோய் ஃபல்சாரேகோ கணவாய்க்கு மேலே, டோலமைட்ஸில். அங்கே சுரங்கம் ரோடு கிடையாது, 1 கி.மீ.க்கு மேல் நீளும் செங்குத்துப் படிக்கட்டு. 1917 ஜூன் 20 அன்று இத்தாலியர்கள் வெடித்த கண்ணிக்காகத் தோண்டியது. படிகள் உயரம் குறைவாகவும் கூடுதலாகவும் மாறி மாறி வரும், எப்போதும் ஈரம், கம்பிவடத்தைப் பிடித்தே போக வேண்டும். பெரும்பாலோர் கேபிள் காரில் மேலே போய் நடந்து இறங்குவார்கள். கையுறை அங்கே கட்டாயம், வடத்தின் இழை கையில் குத்தும். பசூபியோவில் இருட்டுப் பழகியவருக்கு அது சுலபமாக இருக்கும். நேரே அங்கே போனால் தொடை இரண்டு நாள் வலிக்கும்.

கல்லாறு | ஜூலை 2

குடிலைக் கூப்பிட்டுக் கேட்டேன், ஓடைப்பள்ளங்களில் பனி இல்லை. ஹெட்லாம்ப் மூன்று, உபரி ஒன்று, ஹெல்மெட் மூன்று, தண்ணீர் 5 லிட்டர், விசில். 7.15-க்கு வாயிலில். ஸ்கருபி வழி இறக்கம். ஏதாவது விட்டுப்போச்சா?

முகடு | ஜூலை 2

ஒன்று. பையனின் ஹெட்லாம்ப் பட்டையை ஹெல்மெட் மேல் மாட்டி வீட்டிலேயே பாருங்கள். சின்ன ஹெல்மெட்டில் பட்டை நழுவிக் கழுத்துக்கு வந்துவிடும். நாலு பக்கமும் கொக்கி இல்லாத ஹெல்மெட் என்றால் பின்பக்கம் துணி டேப் ஒட்டிவிடுங்கள். பிறகு விளக்கை அணைத்துவிட்டு இருட்டறையில் அவனே சுவிட்சைத் தேடிப் போட முடிகிறதா என்று பாருங்கள், கையுறையோடு.